கோயில் அக்கா கேட்ட சத்தியங்கள்

அவளை ஊரில் எல்லோரும் கோயில் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருஷமாகக் கோயிலைக் கூட்டித் துடைக்கிறவள். சாமி கும்பிட மட்டுமா அங்கே ஆள் வருகிறது? வாய்க்கால் சண்டை, வரப்புச் சண்டை, மருமகள் பேசிய பேச்சு எல்லாம் அங்கேதான் வந்து சேரும். ஸ்டேஷனுக்குப் போனால் ஆறு மாசம். கோயிலுக்கு வந்தால் ஆறு நிமிஷம். பழி சுமந்தவன் எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்து, "நான் பண்ணல" என்று சொல்லிவிட்டால் வழக்கு முடிந்தது. அப்புறம் பழி சொன்னவன்தான் அவனைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும்.

தூணோரம் துடைப்பத்தோடு நின்று அக்கா எத்தனையோ சத்தியங்களைக் கேட்டிருக்கிறாள். அதில் பொய் எது என்றும் அவளுக்குத் தெரியும். பொய்ச் சத்தியம் செய்த ஒருத்தனுக்கும் தலைவலிகூட வந்ததில்லை. "சாமி யாரையும் ஒண்ணும் பண்றதில்லடா" என்று மகனிடம் சிரித்துக்கொண்டே சொல்லியும் இருக்கிறாள். வாய் சும்மா இருக்குமா!

மகன் லாரி ஓட்டுகிறவன். மூன்று வருஷத்துக்கு முன்னால் தச்சருடைய மரம் அறுக்கும் மெஷின் காணாமல் போனது. தச்சர் நேரே இவன்மேல் கை காட்டினார். அக்கா வீட்டுக்கு ஓடி வந்து தேடினாள். மகனுடைய கட்டிலுக்கு அடியில், சாக்குக்குள் இருந்தது.

"கொண்டு போய்க் குடுத்துடுடா. புத்தி கெட்டு எடுத்துட்டேன்னு சொல்லு."

"சும்மா இரும்மா. நாளைக்குக் கோயில்ல சத்தியம் பண்ணிட்டா முடிஞ்சுது. சாமி ஒண்ணும் பண்ணாதுன்னு நீதானே சொன்ன?"

சொன்னால் மகன் திருடன். சொல்லாவிட்டால் தச்சர் பொய்யர்.

மறுநாள் காலை கோயில் கொள்ளாத கூட்டம். பூசாரி தட்டில் கற்பூரம் ஏற்றினார். மகன் பட்டென்று அணைத்து, "நான் எடுக்கல" என்றான். குரல் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. பெற்றவளுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

தச்சர் தலையைக் குனிந்தார். ஊருக்கே கதவும் ஜன்னலும் செய்து கொடுத்த கைகள் இரண்டும் சேர்ந்து மேலே வந்தன. "தம்பி, மன்னிச்சுக்கப்பா..."

"கும்பிடாதீங்கண்ணே," என்றாள் அக்கா. "மெஷின் எங்க வீட்டுக் கட்டிலுக்கு அடியில இருக்கு. போய் எடுத்துக்கங்க."

மகன் அவளைப் பார்த்து, "நீயெல்லாம் ஒரு அம்மாவா?" என்றான். அன்று சாயங்காலமே துணிமணியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இன்றுவரை ஒரு போன் கிடையாது.

அக்கா இன்னும் கூட்டுகிறாள். அவள் நிற்கிற கோயிலில் பொய்ச் சத்தியம் செய்ய இப்போது ஆட்கள் யோசிக்கிறார்கள். பூசாரிக்கு அதில் ஏகப் பெருமை. "அன்னைக்கு நீங்களா பேசினீங்க அக்கா? சாமில்ல பேசுச்சு!" என்று ஒருநாள் சொன்னார்.

"சாமி பேசியிருந்தா நான் எதுக்குங்க பேசப்போறேன்? அது பாட்டுக்கு நின்னுச்சு. என் பிள்ளை போனதுதான் மிச்சம்" என்றவள், அவரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னாள். அவர் நின்ற இடத்தில் இன்னும் கூட்டவில்லை.