வெயில் தாங்கும் மாத்திரை

பேட்டண்ட் கிடைத்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போது பம்பாயில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. நாங்கள் செய்த புதிய மருந்துப் பொருளுக்கு அரசாங்கம் முத்திரை குத்தித் தந்த தாளில், கண்டுபிடித்தவர் என்று என் பெயர் இருந்தது. அதன் நகலை எடுத்துக்கொண்டு ரயிலேறி, இராமநாதபுரத்தில் இறங்கி, சாயல்குடி பஸ்ஸைப் பிடித்தேன். அண்ணனிடம் காட்டாமல் எனக்குச் சோறு இறங்காது.

அண்ணனுக்கு உப்பளத்தில் வேலை. சில வருடம் முன்பு அவனுக்குப் புத்தி பிசகியது. யாரோ காதில் பேசுகிறார்கள் என்று ஊரைவிட்டு ஓடுவான். புதிதாக வந்திருந்த குளோர்ப்ரோமசின் மாத்திரையை மதுரை டாக்டர் கொடுத்தார். குரல்கள் அடங்கின. அண்ணன் பழைய அண்ணன் ஆனான். ஆனால் அந்த மாத்திரை தின்றால் வெயில் ஆகாது. உப்பு வாரப் போன சில நாளிலேயே முகமும் கையும் வெந்து தோல் உரிந்தது. வெயில் ஆகாதவன் உப்பளத்தில் என்ன செய்வான்! உப்புக் காலம் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அளத்தில் இறங்கிவிடுவான். குரல்கள் திரும்பிவிடும். மதினி எவ்வளவு கெஞ்சியும் கேட்டதில்லை. கடைசித் தடவை கடலுக்குள் நடந்து போனவனை வலைக்காரர்கள்தான் இழுத்து வந்தார்கள்.

அந்த மருந்தில் ஓரமாக ஒட்டியிருக்கும் குளோரின்தான் வெயிலோடு சண்டை பிடிக்கிறது என்று எனக்குப் பட்டது. அதைக் கழற்றிவிட்டு வேறு வேறு துண்டுகளை மாட்டிப் பார்த்தோம். ஒன்று எலிகளின் பதற்றத்தை அடக்கியது. வெயிலுக்குப் பதிலாக வைத்த உக்கிரமான விளக்கிலும் அவற்றின் காது சிவக்கவில்லை! நான் கத்திய கத்தலில் மேனேஜரே ஓடிவந்தார்.

உப்புக் காலம் தொடங்கி மறுபடி மாத்திரையை நிறுத்தியிருந்த அண்ணன் தாளைத் தடவிப் பார்த்தான்.

"ஏலே, இதைத் தின்னா வெயில்ல நிக்கலாமா?"

"நிக்கலாம்ண்ணே!"

"எங்கன இருக்கு? எடு, தின்னுட்டுப் போறேன். உப்பு வாரணும்."

இருந்த சந்தோஷத்தில் இதை யோசிக்கவே இல்லை. இது வெறும் பேட்டண்ட்தான், மாத்திரையாக வர வருடக்கணக்கில் ஆகும், வராமலே போகவும் கூடும் என்று சொன்னேன். மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வரும்லே. நீதான செய்யிற," என்றான் அண்ணன். பிறகு மதினியிடம், "அந்தப் பழைய மாத்திரைய எடு. தம்பி மாத்திரை வார வரைக்கும் கொட்டகைக்குள்ள உக்காந்து சாக்குத் தைக்கிறேன்."

மதினி தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்தார். அண்ணன் எங்கள் கண்ணெதிரே மாத்திரையை விழுங்கினான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

லீவு இன்னும் மிச்சம் இருந்தது. மறுநாள் முதல் பஸ்ஸிலேயே பம்பாய்க்குக் கிளம்பிவிட்டேன்.