பாபகூராவைத் தாண்டி ஒரு ரிவால்வர்

பாபகூரா என்ற ஊரைத் தாண்டி, மலையடிவாரத்தில் ஒரு சுடுதளம். என்னை அழைத்து வந்திருக்கும் கௌரி அக்கா யாழ்ப்பாணத்துக்காரர், இந்த நாட்டில் நர்ஸ், இந்தத் துப்பாக்கி சுடும் சங்கத்தின் உறுப்பினர். பழைய மாதிரியில் புதிதாகச் செய்த ரிவால்வரை அவரே நிரப்புகிறார். அதன் உருளையிலுள்ள அறைகளில் கருமருந்தைக் கொட்டி, ஈய உருண்டைகளை அழுத்தி, பின்பக்கம், அடிபட்டதும் பொறி தந்து மருந்தைப் பற்றவைக்கும் குட்டிச் செப்புத் தொப்பிகளை மாட்டி என்னிடம் நீட்டுகிறார். நல்ல கனம்.

முதல் குண்டு வெண்புகையோடு பாய்கிறது. அடுத்த முறை விசையை இழுத்தால் 'டிக்' என்ற சத்தம் மட்டும். என்னவென்று பார்க்கத் துப்பாக்கியைத் திருப்பப் போகிறேன். அக்கா என் மணிக்கட்டை இறுகப் பிடிக்கிறார்.

"திருப்பாதேங்கோ தம்பி. முன்னுக்கே பிடியுங்கோ. சிலவேளை பிந்தி வெடிக்கும்."

அப்படியே காத்து நிற்கிறோம். ஒன்றும் நடக்கவில்லை. அந்த அறைக்குப் புதுத் தொப்பி மாட்டித் தருகிறார். இப்போது வெடிக்கிறது.

"ஊர்ல அவ்வளவு சண்டையைப் பார்த்துட்டு, இந்தச் சத்தத்தை எப்படிக்கா தாங்குறீங்க?"

அவர் குழாய்ப் பக்கம் இலக்கை நோக்கியே இருக்கும்படி ரிவால்வரை வாங்கிக்கொள்கிறார்.

"அங்க எந்தப் பக்கத்தால வருமெண்டு தெரியாது. இது எந்தப் பக்கம் பார்க்குதெண்டு எனக்குத் தெரியும்."