கல்லறைக்காகப் பொய் சொல்லாத எஸ்தர் அம்மாள்

காலையில் மிஷன் வைத்தியசாலைக் கதவை நான் திறக்கும்போது, தோல் ஆலையில் வேலை செய்யும் ரோசம்மா ஓடி வந்தாள். "கம்பவுண்டர் சார், நர்ஸம்மா போய்ட்டாங்க" என்றாள். பதினெட்டு நாள் விஷக்காய்ச்சல், எதிர்பார்த்ததுதான். ஆனாலும் சாவியைத் திருப்ப எனக்குக் கை வரவில்லை.

ஆம்பூரைச் சுற்றியுள்ள சேரிகளில் எஸ்தர் அம்மாள் கையில் பிறந்த பிள்ளைகள் ஏராளம். அவர்களைப் பெற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர் நரகத்துக்குப் போய்விட்டார் என்று சபையார் பேசுகிறார்கள். கடைசி நேரத்தில் பயந்து மனந்திரும்பிவிட்டார் என்றும் சிலர் சொல்கிறார்கள். முதலாவதைச் சொல்ல இவர்கள் யார்? இரண்டாவது முழுப் பொய். அந்த இரவு முழுக்கக் கூட இருந்துவிட்டு, விடிந்தபின்தான் வைத்தியசாலைக்கு வந்தவன் நான்.

அவரைப்போல் விசுவாசித்தவரை நான் பார்த்ததில்லை. பிரசவ அறைக்குள் போகுமுன் முழங்கால் போடுவார். என்னையும் போடச் சொல்வார். அதெல்லாம் அவர் கையில் பிறந்து, ஆலையில் வேலைக்குச் சேர்ந்த பையன் சாலமோன் சாகும்வரை.

மழை பெய்த ஒரு நாள், ஆலையில் சுண்ணாம்புத் தொட்டியின் விளிம்பில் வழுக்கி சாலமோன் உள்ளே விழுந்தான். ஆட்டுத்தோலில் மயிரைக் கழிக்கும் சுண்ணாம்பு மனிதத் தோலை விட்டுவைக்குமா? மூன்று நாள் எஸ்தர் அம்மாள் அவனைக் கழுவித் துணி சுற்றினார். அவன் கத்திய கத்தலை நானும் கேட்டேன். அடக்க ஆராதனையில் போதகர், "இது தேவ சித்தம்" என்றார். கோயில் கோபுரத்தைக் கட்டிக்கொடுத்த ஆலை முதலாளி முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

எஸ்தர் அம்மாள் எழுந்து நின்றார். "பாஸ்டர் ஐயா, தொட்டியைச் சுத்தி ஒரு தடுப்பு வெக்காதது யார் சித்தம்?"

"உக்காரும்மா" என்றார் போதகர். எஸ்தர் அம்மாள் உட்காரவில்லை, வெளியே நடந்தார். அதற்குப்பின் நற்கருணைக்கு அவர் வரவே இல்லை. நானோ அன்று பெஞ்சைவிட்டு அசையவில்லை. அந்த வெட்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

ஒரே நாளில் தெய்வத்தைத் தூக்கி எறிந்தவர் என்று அவரை நினைத்துவிடாதீர்கள். மூன்று வருஷம் தனக்குள் வழக்காடினார். ஒரு நாள் பிரசவக் கத்தரிக்கோல்களைக் கொதிக்கவைத்துக்கொண்டே சொன்னார்: "ரத்தம் நிக்கலைன்னா கை பாட்டுக்கு வேலை செய்யுது, வாய் பாட்டுக்கு அவரைக் கூப்பிடுது. இந்த வாயை நான் இன்னா பண்றது, கம்பவுண்டரே?"

"அப்ப நம்பிக்கை இருக்குதுன்னுதானே அர்த்தம்?" என்றேன்.

"பழக்கம் இருக்குது. நம்பிக்கையும் அதுவும் ஒண்ணா?"

வேலூர் லாங் பஜார் அருகே கடவுள் மறுப்புக் கூட்டம் நடப்பதாகக் கேள்விப்பட்டு, என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ரயிலேறினார். பேச்சு முழுவதையும் கவனமாகக் கேட்டார். பல இடங்களில் தலையாட்டினார். முடிவில் பேச்சாளர், "மிஷன் நர்ஸ் ஒருவர் வந்திருக்கிறார், மேடையேறிக் கடவுள் இல்லை என்று சொல்லட்டும்" என்றார். கூட்டம் கைதட்டியது. எஸ்தர் அம்மாள் இருந்த இடத்திலேயே எழுந்தார்: "இருக்காருன்னு சொன்னப்ப யோசிக்காம சொல்லிட்டேன். இல்லைன்னு சொல்றதையாவது யோசிச்சு சொல்றேன். டயம் கொடுங்க." சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

காய்ச்சலில் படுத்த இரண்டாவது வாரம், வெயில் ஜன்னலில் ஏறியிருந்த நேரம், என்னைக் கூப்பிட்டார். "யோசிச்சு முடிச்சிட்டேன். இல்லை, கம்பவுண்டரே. யாரும் இல்லை. தலையெல்லாம் சுத்தமாத்தான் இருக்குது, ஜுரத்துல உளர்றேன்னு சொல்லிடாதீங்க." எனக்கு அழுகை வந்தது. நான் விசுவாசி, இன்றும் விசுவாசிதான். "நீங்க கும்புடுங்க. உங்களை யாரு வேணாம்னாங்க?" என்றார்.

மறுநாள் போதகர் வந்தார். பாவ அறிக்கை செய்தால் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய தாயின் பக்கத்திலேயே இடம் உண்டு, இல்லையென்றால் இல்லை என்றார். சாகக் கிடக்கும் பெண்ணிடம் பேரம்! அதுவும் இந்தச் சபையின் பெண்களுக்கு இருபது வருஷம் பிரசவம் பார்த்த பெண்ணிடம். எஸ்தர் அம்மாள் கண்ணை மூடாமல் பதில் சொன்னார்: "ஆறடி மண்ணுக்காகப் பொய் சொல்ல மாட்டேன், ஐயா."

அவர் இறந்த அன்று கல்லறைத் தோட்டத்து வாசலில் போதகர் என்னைத் தனியே அழைத்தார். "கடைசியில் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருப்பாங்களே? ஆமான்னு சொல்லுங்க, கேட்டைத் திறக்கச் சொல்றேன்."

உள்ளே அவருடைய தாயின் கல்லறை தெரிந்தது. ஒரே ஒரு 'ஆமாம்' போதும். என் நாக்கு நுனிவரை அது வந்தது.

"கேக்கலை" என்றேன். "கேக்க வேண்டியது நீங்க."

கேட் திறக்கவில்லை. ஆலைத் தொழிலாளர்கள் பாடையைத் திருப்பிப் பாலாற்றங்கரைக்குக் கொண்டுபோனார்கள். தோல் தொட்டிகளில் ஊறிய கைகளாலேயே மணலைத் தோண்டினார்கள். பாட்டு இல்லை, மணி இல்லை.

குழியை மூடியபின் நிறைமாதமாக இருந்த ரோசம்மா என்னிடம் கேட்டாள்: "நர்ஸம்மா இப்ப எங்க இருப்பாங்க, சார்?"

சபையில் நாற்பது வருஷம் உட்கார்ந்தவனுக்கு அதற்குப் பதில் மனப்பாடம். அதைச் சொல்ல வாய் வரவில்லை. "தெரியாதும்மா" என்றேன். தெரியாததைத் தெரியாது என்று பயமில்லாமல் சொல்ல அவர்தான் எனக்கு வழி காட்டினார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான். பிறகு, இந்தக் கோபம். இரண்டில் எதையும் விடுவதாக இல்லை.