கால் முன்னால் பிறந்தவள்

என் நாத்தனாரின் பாதங்கள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. வெடித்த குதிகால்கள், தேய்ந்த மெட்டி. தாய் வயிற்றிலிருந்து தலைக்குப் பதிலாகக் கால் முன்னால் வந்து பிறந்தவள் அவள். அப்படிப் பிறந்தவர்கள் லேசாக உதைத்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வெள்ளக்கடையிலிருந்தெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவள் ஊரான மஞ்சக்குட்டைக்கு அவளைத் தேடி வருவார்கள்.

எஸ்டேட்டில் காப்பிப்பழ மூட்டையைத் தூக்கும்போது பிடித்த என் இடுப்பு, திருவிழா நெருங்கியும் விடவில்லை. எலும்பில் கோளாறில்லை என்று டாக்டர் சொல்லியும் பயந்து படுத்தே கிடந்தேன். சேர்வராயன் சாமி குகைக்குள் இருக்கிறார். குனியாமல் அவரைப் பார்க்க முடியாது. கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒரு வருடமும் தவறாதவள், இந்த வருடம் சாமி என்னை வேண்டாமென்றுவிட்டாரோ என்று அழுதேன். நாத்தனாரை வரச் சொன்னேன். ஜீப்பில் வந்து இறங்கினாள். குப்புறப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

“உங்கள ஒதைக்கோணும்னு எனக்கு நொம்ப நாளா ஆசதானுங்க அண்ணி” என்று சிரித்தவள், உதைக்காமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். “கால் மரத்துப் போகுதுங்களா? ஒண்ணுக்குப் போறதுக்குச் செரமமா இருக்குதுங்களா?”

“அதெல்லாம் இல்ல கண்ணு. நீ ஒதை.”

“போன வருசம் எனக்கே புடிச்சுதுங்க. நான் ஆரு காலத் தேடிப் போறது? படுத்தே கெடந்தா இறுகிப் போகும், நடக்கோணும்னு சேலத்து டாக்டரம்மா சொன்னாங்க. நடந்தனுங்க. என் கால்ல ஒண்ணுமில்லீங்க அண்ணி. உங்க கால்லதான் இருக்குது. எந்திரிங்க.”

ஊரே தேடி வரும் காலைப் பற்றி அவளே அப்படிச் சொன்னதும் கையை ஊன்றி எழுந்தேன்.

திருவிழா வரை எங்கள் வீட்டிலேயே தங்கினாள். அன்று குழாயடி வரை நடந்தோம். பிறகு ரோட்டு வளைவு வரை. வலித்த இடத்திலெல்லாம் நின்றுவிடுவேன். “வலிச்சா ஒடஞ்சு போச்சுன்னு ஆருங்க சொன்னது? மெதுவா வாங்க” என்பாள். குடத்தை உடம்போடு ஒட்டிப் பிடித்து, முழங்காலை மடக்கித் தூக்கவும் பழகினேன்.

திருவிழாவன்று குகை வாசலில் தயங்கி நின்றேன். அவள் முன்னால் குனிந்து நுழைந்தாள். சாமியே என்று நானும் குனிந்தேன். சுரீரென்றது, ஆனால் ஒன்றும் முறியவில்லை. விளக்கு வெளிச்சத்தில் முதலில் தெரிந்தவை அந்த வெடித்த குதிகால்கள். அப்புறம்தான் சாமி தெரிந்தார்.

இன்றும் அவளைத் தேடி ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் மனம் கோணாமல் லேசாகக் காலால் தொட்டுவிட்டு, பஸ் நிற்கும் இடம் வரை நடத்தியே அனுப்புகிறாள். எனக்கும் அவ்வப்போது இடுப்புப் பிடிக்கத்தான் செய்கிறது. எழுந்து செருப்பை மாட்டிக்கொள்கிறேன். எல்லோரையும்போல் தலை முன்னால் பிறந்தவள் நான். எனக்கும் சாமி இரண்டு கால் கொடுத்திருக்கிறார் என்பது அந்தக் குதிகால்களுக்குப் பின்னால் போனபோதுதான் தெரிந்தது.