கதவில் ஒட்டிய படம்

நான் கொரோனாவிலிருந்து சுகமாகி வந்த நோன்பில், பக்கத்து வீட்டு ரஹீமாவுக்கு வழக்கம்போல் கஞ்சி கொடுத்தேன். என் கண் முன்னாலேயே அதைக் கோழிகளுக்கு ஊற்றினாள். திரும்பி வந்துவிட்டேன்.

அவள் மகள் வரைந்த படம் ஒன்று காற்றில் பறந்து என் வீட்டு வளவில் விழுந்தது. கஞ்சிச் சட்டியோடு நான், என் தலையைச் சுற்றிக் கொரோனா முள்ளுகள், கஞ்சி குடிக்கும் கோழிகள், பின்னால் ஜன்னலில் ஒரு சின்ன உருவம், அதைச் சுற்றி நீலப் புள்ளிகள். பத்திரமாக எடுத்து வைத்தேன்.

அடுத்த நோன்பில் ரஹீமா நோயில் கிடந்து எழும்பி, சட்டியும் கோப்பையுமாக மகளோடு கஞ்சிக்கு வந்தாள். படத்தைக் கதவில் ஒட்டியிருந்தேன்.

"கோழிக்கா கேக்கிறீங்க?" என்றேன்.

அவள் தலை குனிந்தாள். எனக்கு இனித்தது.

"பெரியும்மா, ஜன்னல்ல நிண்டு அழுறது நான்தான்," என்றாள் பிள்ளை. மழை என்று நான் நினைத்த நீலப் புள்ளிகள் அவள் கண்ணீர்.

பிள்ளையின் கோப்பையை நிரப்பினேன். ரஹீமாவின் சட்டியை வெறுமையாகவே அனுப்பினேன்.

படத்தை இன்னும் கழற்றவில்லை. ஆனால் என் கண் இப்போது ஜன்னலுக்குத்தான் போகிறது.