கொடியில் எனக்கு மட்டும் வெயில்

மேரி, பிரபு... என் பிள்ளைகளே, பேப்பரில் இந்த வாரப் பத்தியை உங்கள் இருவருக்கும்தான் எழுதுகிறேன். வழக்கமாகப் படிப்பவர்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும்.

பிரபு, என் படர்தாமரை ஆயின்மென்ட் ட்யூப் சீக்கிரம் சீக்கிரமாகத் தீர்கிறதே என்று போன மாதம் உன்னிடம்தான் கத்தினேன். "எனக்கு இன்னாத்துக்கு நைனா உன் மருந்து?" என்று சிரித்தாய். நியாயமான கேள்வி. அப்படியானால் எடுத்தது யார்?

என் அரிப்பு ஊருக்கே தெரியும். ஹார்பரில் நாள் முழுக்க வியர்வையில் நிற்கிற தொடை. டீக்கடையில் சொரிந்துகொண்டே சொல்வேன், நாலு பேர் நாலு மருந்து சொல்வார்கள். வெட்கமாவது ஒன்றாவது!

இதற்கு நடுவில் எனக்கு வேறொரு அரிப்பு. மனசில். எதிர் போர்ஷன்காரி ரஹமத்தைப் பார்த்தால் வரும்.

உங்கள் அம்மாவும் ரஹமத்தும் மாடிப்படியில் உட்கார்ந்து குசுகுசுவென்று பேசுவார்கள். நான் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் போதும், பேச்சு நின்றுவிடும். கட்டினவன் எனக்கு "சாப்பாடு போடட்டா?" மட்டும்தான். மிச்சப் பேச்சு எல்லாம் ரஹமத்துக்கு. வயிறு எரியுமா எரியாதா, சொல்லுங்கள்?

போன வாரம் ஷிஃப்ட் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். ராயபுரத்திலிருந்து வந்த பஸ்ஸில் இரண்டு பேரும் இறங்கினார்கள். வீட்டுக்கு வந்து கேட்டேன். "மார்க்கெட்டுக்கு" என்றாள் அம்மா. மார்க்கெட்டுக்குப் போனவள் கையில் ஒரு கீரைக்கட்டு கூடவா இருக்காது?

படியில் ரஹமத்தை மறித்தேன்.

"எங்க கூட்டினு போன அவள?"

"இன்னாண்ணே, போலீஸ்காரர் மாதிரி மொறைக்கிறீங்க? லேடி டாக்டராண்ட போனோம். ரெண்டு மாசமா கீழ அரிப்பு தாங்கல அவளுக்கு. ராத்திரில தூக்கம் கெடயாது. பக்கத்துல படுத்துகினு கீற நீங்க கொறட்டை வுடுறீங்களாம்!"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை. என் பக்கத்தில் தூங்காமல் கிடந்தவளின் கஷ்டம் எதிர் வீட்டுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லையே!

உள்ளே போய் அம்மாவிடம் கேட்டேன். வாயில் முதலில் வந்த கேள்வி இதுதான்: "எப்டி வந்துச்சு?"

அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பாத்தியா? இதான், இதுக்குத்தான் உன்னாண்ட சொல்லல. எப்டி வந்துச்சு, எங்க புடிச்சுகினு வந்தேன்னு கேப்பே. ரஹமத்தக்கா இன்னா கேட்டுச்சு தெரியுமா? 'எரியுதாடி'ன்னு கேட்டுச்சு."

அடுப்பைத் தணித்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கொஞ்சம் சமாதானமான பிறகு, டாக்டர் சொன்னதை அவளே சொன்னாள். மேரி, நீ இதைக் கவனமாகப் படி. பிரபு, நீயும்தான். நாளைக்கு உனக்கும் ஒரு குடும்பம் வரும்.

அம்மாவுக்கு வந்தது பூஞ்சை. பால் திரிந்த மாதிரி வெள்ளை படும், அரிக்கும், எரியும். ஒழுக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நல்ல சுத்தமான பெண்களுக்கும் வரும். சர்க்கரை இருந்தால் அடிக்கடி வரும் என்று ரத்தமும் பார்த்திருக்கிறார்கள். அம்மாவுக்கு சர்க்கரை இல்லை.

ஆனால் அரிப்பெல்லாம் பூஞ்சை இல்லையாம். சிலருக்கு சோப்பே சேராது. மாதவிலக்கு நின்றவர்களுக்குத் தோல் வறண்டும் அரிக்கும். கெட்ட வாடை, புண், அடிவயிற்று வலி இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. அதனால் தானாக மருந்து போடாமல் முதலில் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அம்மா காட்டவில்லையே! வெட்கப்பட்டுக்கொண்டு காயம் கழுவுகிற மருந்தைத் தண்ணீரில் கலந்து கழுவியிருக்கிறாள். அது புண்ணாக்கிவிட்டது. அப்புறம் என் ட்யூப். ஆமாம் பிரபு, திருடி அவள்தான். அந்த இடத்துக்கு அது ஆகவே ஆகாது என்று டாக்டர் திட்டினாராம். வெளியே வெறும் தண்ணீர் போதும், உள்ளே எதையும் விட்டுக் கழுவக் கூடாது. உள்ளே உடுத்தப் பருத்தித் துணிதான். கொடுத்த மாத்திரையை, அரிப்பு நின்றாலும் முடிக்க வேண்டும்.

"உன் வூட்டுக்காரருக்கும் அரிப்பு கீதா?" என்று டாக்டர் கேட்டாராம். என் தொடையை மறைக்காமல் சொல்லிவிட்டாள். அடுத்த வாரம் நானும் போய்க் காட்ட வேண்டும். ஒரே துண்டை இரண்டு பேரும் இனித் தொடக் கூடாது.

பாருங்கள்... என் தொடை விஷயம் டாக்டர் வரைக்கும் போயிருக்கிறது!

கடைசியாக ஒன்று கேட்டாராம்: "உள்துணியை எங்க காயப்போடுறீங்க?"

எங்கே? நம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொன்னதில்லை. மொட்டைமாடியில் நல்ல வெயில் விழுகிற கொடி என் லுங்கிக்கும் சட்டைக்கும். அம்மாவுடையதும் உன்னுடையதும் மேரி, வராண்டா மூலையில், ஈரத் துண்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். கடல் காற்றில் அது எங்கே காயும்? அரை ஈரத்தோடே எடுத்துப் போட்டுக்கொள்வீர்கள். நம் வீடு மட்டுமா? எந்த மாடியை வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள்... ஆம்பளை ஜட்டி கட்சிக்கொடி மாதிரி பறக்கும்.

இதை எழுதட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். "எழுது. என் பேரைப் போடாத. படிச்சுட்டு ரெண்டு பொம்பளைங்களாச்சும் டாக்டராண்ட போவட்டும்" என்றாள். சொல்லிவிட்டு எங்கே போனாள்? எதிர் போர்ஷனுக்குத்தான்.

பொறாமை போய்விட்டதா என்கிறீர்களா? போகவில்லை. இவர்களுக்குள் 'எரியுதாடி' என்று கேட்க ஒரு ஆள் இருக்கிறது. டீக்கடையில் எனக்கு மருந்து சொன்ன நாலு பேரில் ஒருத்தன்கூட அப்படிக் கேட்டதில்லை.

நேற்று காலை நீங்கள் மூவரும் மாதா கோயிலுக்குப் போயிருந்தீர்கள். நான் மட்டும் மாடிக்குப் போனேன். துறைமுகத்திலிருந்து வரும் கரித்தூசு கொடியில் படிந்திருந்தது. நுனியிலிருந்து நுனி வரை ஈரத் துணியால் துடைத்தேன். என் லுங்கியை எடுத்து வராண்டா மூலையில் போட்டேன். அம்மாவின் துணிகளைத் துண்டுக்கு அடியிலிருந்து எடுத்து, உதறி, வெயிலில் ஒவ்வொன்றாக விரித்து கிளிப் போட்டேன். மேலே மூடுகிற துண்டு எதுவும் இல்லாமல்.

இந்தப் பேப்பர் கைக்கு வரும் வரையிலாவது, துணியை வெயிலில் விரித்தது யார் என்று, ரஹமத்துக்குத் தெரியாத ஒரு விஷயம் என்னிடம் இருக்கிறது!