ஓடை திறந்த சனிக்கிழமை

அலை பின்வாங்கும்போது குதிகாலுக்கு அடியிலிருந்து மணல் நழுவிப் போகும் அந்தக் கூச்சத்தை நான் முதன்முதலாக உணர்ந்தபோது எனக்குப் பதினான்கு வயது. கடலோர ஊரில் பிறந்து வளர்ந்தவள் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஆனால் அந்த நாட்களில் புதுச்சேரி நகரத்துக் கடற்கரையில் மணலே கிடையாது. பீச் ரோட்டுக்குக் கீழே கருங்கற்கள்தாம் குவிந்து கிடக்கும், அவற்றின் இடுக்குகளில் கடல் வந்து மோதி உறுமிவிட்டுப் போகும், நாங்கள் மேலே நின்று சுண்டல் தின்றபடி அதைப் பார்த்துவிட்டு அப்பாவின் ஸ்கூட்டரில் லாஸ்பேட்டைக்குத் திரும்பிவிடுவோம். "கடல பாக்கலாம், அது போதும்" என்பது அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்த அப்பாவின் தீர்மானம்.

சுனாமிக்கு முந்தைய ஆண்டு, ஆகஸ்ட் பதினைந்து வெள்ளிக்கிழமையில் வந்தது. மறுநாள் பதினாறாம் தேதியும் எங்களுக்கு விடுமுறை. பிரெஞ்சுக்காரர்கள் ஊரைச் சட்டப்படி ஒப்படைத்த நாள் என்று, பக்கத்துக் கடலூரிலோ விழுப்புரத்திலோ இல்லாத விடுமுறை அது. அதற்கடுத்து ஞாயிறு. காலாண்டுத் தேர்வுக்கு முன்பு கிடைத்த அந்த மூன்று நாட்களை என்ன செய்வதென்று தெரியாமல் வகுப்பில் நாங்கள் மூன்று பேர் பெஞ்சில் உட்கார முடியாமல் நெளிந்துகொண்டிருந்தோம். என்னைத் தவிர மற்ற இருவரில் ஒருத்தி ஸ்டெல்லா, குரலை உயர்த்தத் தெரியாதவள். இன்னொருத்தி அரியாங்குப்பத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்த கலைவாணி. அண்ணன்களோடு ஆற்றில் குதித்து நீச்சல் கற்றவள், எங்கள் வகுப்பிலேயே நீந்தத் தெரிந்த ஒரே பெண். காலாப்பட்டில் தன் சித்தி வீடு இருக்கிறது, கொல்லைக் கதவைத் திறந்தால் கடல் என்று ஸ்டெல்லா சொன்னதிலிருந்து எங்களுக்கு வேறெதுவும் ஓடவில்லை.

அப்பாவிடம் அனுமதி வாங்க ஒரு வாரம் ஆனது. சித்தி கூடவே இருக்க வேண்டும், முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கக் கூடாது, பொழுது சாய்வதற்குள் சித்தி வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும் என்று அவர் போட்ட நிபந்தனைகளுக்கெல்லாம் தலையாட்டினேன். வெள்ளிக்கிழமை பள்ளியில் கொடியேற்றி முடிந்ததும், ஸ்டெல்லா மாதா திருநாள் பூசையிலிருந்து அதே பட்டுப் பாவாடையோடு ஓடி வந்து சேர, மூவரும் கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ்ஸில் ஏறினோம்.

சித்தியின் பெயர் ரோசலி. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களின் வழக்கப்படி ஸ்டெல்லா அவரைத் "தாந்த்" என்று கூப்பிட்டாள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அவருக்கு அப்போது இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். கல்யாணமான சில மாதங்களில் கணவர் பிரான்சுக்கு வேலைக்குப் போய்விட்டார், அங்கிருந்து காகிதங்கள் வந்ததும் தாந்தும் போவதாக ஏற்பாடு. அந்தக் காகிதங்களைத்தான் பிரெஞ்சில் "பப்பியே வரட்டும், பப்பியே வரட்டும்" என்று அவருடைய மாமியார் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தாந்த் மாமியாரோடு அந்த வீட்டில் காத்திருந்தார்.

எங்களைக் கவனித்துக்கொள்ள நியமிக்கப்பட்டவர் எங்களை எல்லாம்விட நிலைகொள்ளாதவராக இருந்தார். கழுவிய டம்ளரையே திரும்பக் கழுவுவார். பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய் ஜன்னலைத் திறப்பார், வந்து உட்காருவார், மறுபடி போய் அதையே மூடுவார். கூடத்தில் தொலைபேசிக்குப் பக்கத்து நாற்காலியில் ஜெபமாலையோடு இருந்த மாமியார், "செத்த குந்தேன் ரோசலி, எதுக்கு இப்படி அலையறே" என்பார். தாந்த் ஒரு நிமிஷம் உட்காருவார், அவ்வளவுதான். அந்தத் தொலைபேசி வாரத்தில் ஒருநாள், சனிக்கிழமை சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு, பிரான்சிலிருந்து கணவர் கூப்பிடும்போது அடிக்கும். அப்போது தாந்த் அதன் அருகில் இருந்தாக வேண்டும். அந்த வீட்டின் வாரமே அந்த மணியைச் சுற்றித்தான் ஓடியது.

முதல் நாள் மீதிப் பொழுது முழுக்கக் கொல்லைக்குப் பின்னால் இருந்த கடற்கரையிலேயே கிடந்தோம். கட்டுமரங்கள் வரிசையாக ஏற்றிக் கிடந்தன, வலை பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் எங்கள் கூச்சலைப் பார்த்துச் சிரித்தார்கள். கலைவாணி அலைக்கு அந்தப் பக்கம் போய் மிதந்து காட்டினாள். அப்பாவுக்குத் தந்த வாக்கின்படி நான் முழங்காலோடு நின்றேன், ஆனால் அலை வாக்குக் கொடுக்கவில்லையே, அது இடுப்புவரை வந்து போனது. தாந்த் சுடிதார் நனைய எங்களுக்குச் சற்றுத் தள்ளி நின்று கலைவாணியையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் இதுவரை இறங்கியதில்லை என்றார். தனியாக எப்படி இறங்குவது என்றும் கேட்டார்.

மறுநாள் சனிக்கிழமை வடக்கே நடந்து வரலாம் என்று யோசனை சொன்னது தாந்த்தான். புளிச்சாதத்தைக் கட்டிக்கொண்டு காலையிலேயே கிளம்பினோம். "மழ வர்ற மாதிரி இருக்கு, சாயங்காலம் ஃபோன் வரும், ஞாபகம் இருக்கட்டும்" என்று மாமியார் வாசல்வரை வந்து சொன்னார். வழியில் ஓர் ஓடையின் வாய் குறுக்கிட்டது. மேட்டுப் பூமியிலிருந்து செம்மண்ணை அறுத்துக்கொண்டு கடலுக்கு வரும் ஓடை. அன்றைக்கு அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, செருப்பைக் கழற்றாமலே கடந்தோம். திரும்பி அதற்குள்ளேயே மேற்கே கொஞ்சதூரம் ஏறிப் பார்த்தோம். இருபக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் சிவந்த சுவர்கள், அவற்றில் மீன்கொத்திகளின் பொந்துகள். வேர்களைப் பிடித்து ஏறுவதும் சறுக்கி விழுவதுமாக எங்கள் பாவாடைகளெல்லாம் காவி நிறமாயின.

பிறகு கரையோடு வடக்கே நடந்தோம். சவுக்குத் தோப்புவரை என்றுதான் முதலில் பேச்சு. தோப்பு வந்ததும், அதோ தெரிகிற பனைமரம்வரை போய்விட்டு வரலாம் என்றார் தாந்த். பனைமரம் வந்ததும், கரை வளைகிற இடத்துக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று பார்க்கலாம் என்றார். வளைவுக்கு அப்பால் இன்னொரு வளைவு இருந்தது. நண்டுகளைத் துரத்திக்கொண்டு நாங்கள் பின்னால் ஓட, அவர் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் போய்க்கொண்டே இருந்தார். ஸ்டெல்லா மட்டும் அடிக்கடி பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

மேற்கே வானம் கறுத்ததைக் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது, கவனித்தும் நடந்தோம். மழை பிடித்தபோது ஒதுங்க இடமில்லாமல் சவுக்குத் தோப்புக்கு ஓடி வந்து, மரத்தடியில் ஒருவரை ஒருவர் ஒட்டிக்கொண்டு நின்றோம். மழைக்குள்ளே புளிச்சாதம் தின்றதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நாக்கு ஊறுகிறது. மழை ஓய்ந்து கரைக்கு இறங்கியபோது கடலின் நிறம் மாறியிருந்தது. கரையோரம் நெடுக ஒரு சிவப்புப் பட்டை. அது எங்கிருந்து வருகிறதென்று ஓடைக்கு வந்த பிறகுதான் புரிந்தது.

காலையில் செருப்போடு கடந்த ஓடை, மேட்டுப் பூமியில் பெய்த மழையையெல்லாம் வாரிக்கொண்டு, கடற்கரையைப் பிளந்து ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கரையும் மணல்தானே, பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்து கரைந்தது. ஓடையின் அகலம் எங்கள் கண்ணெதிரிலேயே கூடியது. அந்தப் பக்கம் தூரத்தில் தாந்த் வீட்டு ஓடு தெரிந்தது. தாந்த் வானத்தைப் பார்த்தார், வெளிச்சம் குறைய ஆரம்பித்திருந்தது. கரையோரமாக முன்னும் பின்னும் நடந்தார்.

"முழங்கால் அளவுதான் இருக்கும். கையப் புடிச்சிக்கிட்டா போயிடலாம்" என்றார்.

"வேணாம் தாந்த். அடியில மணலு ஓடுது, காலு நிக்காது" என்றாள் கலைவாணி.

கொஞ்சம் பொறுத்தால் வடிந்துவிடும் என்றும் அவள் சொன்னாள். தாந்துக்குப் பொறுக்க முடியவில்லை. எங்களை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு இறங்கினார். நாலைந்து அடி எடுத்து வைத்திருப்பார், முழங்கால்வரை இருந்த தண்ணீர் சட்டென்று மார்புக்கு வந்தது. பிறகு அவர் நின்ற இடத்தில் அவர் இல்லை. சிவப்பு நீரில் ஒரு கை தெரிந்தது, பிறகு துப்பட்டா தெரிந்தது, இரண்டும் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன.

கலைவாணி ஓடைக்குள் குதிக்கவில்லை. கடற்கரையோடு வடக்குப் பக்கமாக ஓடிப் போய், ஓடைத் தண்ணீர் அலையில் மோதிக் கலங்குகிற இடத்துக்கு அப்பால் இறங்கினாள். ஏன் அந்தப் பக்கம் ஓடினாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை, கடல் நீர் வடக்கே இழுப்பதை முதல் நாள் மிதக்கும்போதே கவனித்திருந்ததாகப் பிறகு சொன்னாள். ஸ்டெல்லா அப்படி அலறி நான் கேட்டதே இல்லை. நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெளிவாக நினைவில்லை, இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தேன் என்பது மட்டும் தெரியும். ஓர் அலை கலைவாணியைப் புரட்டியது, அடுத்த அலை எழுந்தபோது அவள் கையில் தாந்தின் பின்னல் இருந்தது. அந்தப் பின்னலைப் பிடித்தே இழுத்து வந்தாள். நாங்கள் இருவரும் போய் ஆளுக்கொரு கையைப் பற்றி, நால்வருமாக மணலில் வந்து விழுந்தோம்.

தாந்த் குப்புறப் படுத்துச் செம்மண் தண்ணீராக வாந்தியெடுத்தார். பிறகு எழுந்து உட்கார்ந்தார்.

"ஃபோன் இப்ப அடிச்சிட்டிருக்கும்" என்றார் தாந்த். கொஞ்சம் பொறுத்து, "அடிக்கட்டும்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் சொன்னது எங்களிடமா, தனக்குத்தானா என்று தெரியாது. "ரெண்டு வருஷமா ஒரே பேச்சு. சாப்டியான்னு அவரு கேப்பாரு, சாப்டேன்னு நான் சொல்லுவேன். அம்மா எப்படி இருக்காங்கன்னு கேப்பாரு. அதுக்கப்புறம் லைன் நல்லா கேக்குதான்னு மாத்தி மாத்திக் கேட்டுக்கிட்டு இருப்போம். இதுக்காவ இன்னிக்கு செத்திருப்பேன்."

அதைச் சொன்ன பிறகு அவர் எழுந்திருக்கவில்லை. இரண்டு நாட்களில் முதன்முறையாக அவர் ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். கலைவாணி சொன்னபடியே தண்ணீர் வந்த வேகத்தில் வடிந்தது. கணுக்கால் அளவானதும் கைகோத்துக் கடந்தோம்.

மாமியார் கொல்லைக் கதவில் குடையோடு நின்றுகொண்டிருந்தார். தலையிலிருந்து கால்வரை சிவந்துபோய் வந்த எங்களைப் பார்த்ததும் அவர் திட்டுவார் என்று நான் நடுங்கினேன். அவர் ஒவ்வொருவர் தலையாகத் தொட்டு எண்ணுவது போலப் பார்த்தார், துண்டை எடுத்து மருமகளின் தலையைத் தானே துவட்டினார். "வந்துச்சி. நீ குளிச்சிட்டிருக்கேன்னு சொல்லிட்டேன்" என்றார். தாந்தின் தலையிலிருந்து உதிர்ந்த மணலைப் பார்த்துவிட்டு, "பொய் ஒண்ணும் இல்லியே" என்றும் சொன்னார். தாந்துக்குச் சிரிப்பு வந்தது, அது அழுகையாக மாறியது. மாமியார் அவரை அணைத்தபடி நெடுநேரம் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது, சாலையோரத்து எஸ்.டி.டி. பூத்துக்குள் தாந்த் நுழைந்தார். பிரான்சில் அப்போது விடிந்துகொண்டிருக்கும். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாங்கள் நின்றோம். உள்ளே அவர் பேசிய நேரம் கொஞ்சம்தான். கேட்க எங்களுக்குத் தைரியமில்லை, கலைவாணிதான் கேட்டாள்.

"சனிக்கிழமை சாயங்காலம் இனிமே நான் வீட்டுல இருக்க மாட்டேன்னு சொன்னேன்" என்றார். அதற்குக் கணவர் என்ன சொன்னார் என்று கலைவாணி விடாமல் கேட்டாள். தாந்த் பஸ் வருகிறதா என்று சாலையைப் பார்த்தார்.

"சரின்னாரு. எங்க போவப்போறேன்னு கேக்கல."

அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் லாஸ்பேட்டையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கச் சேர்ந்தார். சனிக்கிழமைகளில் கலைவாணி வீட்டுக்குப் போய், அவளுடைய அண்ணன்கள் கேலி செய்யச் செய்ய, அரியாங்குப்பத்து ஆற்றில் நீந்தக் கற்றுக்கொண்டார். நானும் அப்பாவுக்குத் தெரிந்தே போனேன், வீட்டில் அதற்கு ஒரு மாதம் சண்டை நடந்தது வேறு கதை. நாங்கள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடையில் காகிதங்கள் வந்தன. தாந்த் போனார், ஒரு குளிர்காலம் அங்கே இருந்தார், திரும்பி வந்துவிட்டார். என்ன நடந்தது என்று ஸ்டெல்லா வீட்டில் எல்லாரும் கேட்டார்கள், மாமியார் மட்டும் கேட்கவில்லை. அந்த அம்மாள் கண்ணை மூடும்வரை தாந்த்தான் பார்த்துக்கொண்டார்.

இப்போது ஸ்டெல்லா பிரான்சில் இருக்கிறாள், கலைவாணி திருப்பூரில் துணிக்கடை வைத்திருக்கிறாள், நான் சென்னையில் கணக்குப் பார்க்கிறேன். போன மாதம் நீண்ட விடுமுறை ஒன்று வந்தது, வீட்டில் இருப்புக்கொள்ளாமல் காரை எடுத்துக்கொண்டு காலாப்பட்டுக்குப் போனேன். சாலை நான்கு வழியாகிவிட்டது, பூத் இருந்த இடம் தெரியவில்லை. தாந்த் லாஸ்பேட்டைக்குக் குடிபோய் வருஷங்களாகின்றன, வீட்டை விற்றாயிற்று. கட்டுமரங்கள் ஏற்றிக் கிடந்த மணல் எங்கே என்று தேடினேன். கொல்லைச் சுவரை ஒட்டியே பாறாங்கற்களைக் கொட்டியிருந்தார்கள், கற்களில் கடல் வந்து மோதிக்கொண்டிருந்தது. ஓடையின் வாய் இந்தப் பக்கம்தானே இருந்தது, இங்கே நடந்து போகலாமே என்று, கல்மேல் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் கேட்டேன். என் வயதுதான் அவருக்கும் இருக்கும்.

அவர் நிமிர்ந்து கடலுக்குள் கையை நீட்டினார். "அதோ, அல ஒடையுது பாருங்க. அதுக்கும் அந்தாண்ட எங்க வீடு இருந்துச்சி. நீங்க கேக்கற வழி அதுக்கும் அந்தாண்ட."

நான் பார்த்தேன். அங்கே தண்ணீர்தான் இருந்தது.